ஒன்றேகால் ஏக்கர் ஜாமீன்

பாவாயிக்கு வாய் ஜாஸ்தி என்று மலைமேல் எடப்புளி நாட்டில் சொல்லாத ஆள் கிடையாது. இருக்கட்டுமே! ஏழு ஜமாபந்தி, மூன்று தாசில்தார், இரண்டு சர்வேயர், ஒரு கொழுந்தன் என்று அத்தனை பேரோடும் மல்லுக்கட்டி, ஒன்றேகால் ஏக்கரைத் தன் ஒருத்தி பெயரில் பட்டா வாங்கியவள் வாயை மூடிக்கொண்டா வாங்கியிருக்க முடியும்?

அந்தப் பட்டாவின் அருமை கீழ்நாட்டுக்காரர்களுக்குச் சட்டென்று புரியாது. அவள் ஊரில் நிலம் இல்லாத குடும்பம் இல்லை. ஆனால் பட்டாவைப் பார்த்தால் எல்லாம் செத்துப்போனவர்கள் பெயரில் இருக்கும். பாவாயியின் மாமனார் சென்றாயன் மண்ணுக்குள் போய் முப்பது வருஷம் ஆகிறது. அவர் வகையறாவில் பாவாயியின் பங்கு போக மீதி எட்டு ஏக்கரும் இன்னமும் அவர் பெயரில்தான் கிடக்கிறது. மகன்கள் உழுகிறார்கள், மருமகள்கள் களை பறிக்கிறார்கள், பேரன்கள் மரவள்ளி போடுகிறார்கள். பட்டாவில் மட்டும் கிழவர் சாகவே இல்லை.

பாவாயியின் புருஷன் மிளகு பறிக்க ஏறிய சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்து போய்ச் சேர்ந்தான். கையில் எட்டு வயது மகள். அப்போது அவள் தன் பங்கைப் பிரித்துக் கேட்டாள். கொழுந்தன் அர்த்தனாரி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். “பொம்பளைக்கு எதுக்குத் தனிப் பட்டா? சோத்துக்கு இல்லைன்னா சொல்லட்டும், போடறோம்” என்றார் ஊர்க்கூட்டத்தில். அந்த வார்த்தை பாவாயியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. சோறு போடுகிறாராம்! வருஷா வருஷம் ஜமாபந்தியில் மனுவோடு போய் முதல் ஆளாக நின்றாள். எட்டாவது வருஷம் பட்டா வந்தது. அந்த மண்ணில் விளைந்த மிளகுதான் மகள் பூங்குழலியை நர்ஸ் படிக்க வைத்து, பேளுக்குறிச்சியில் கட்டிக்கொடுத்தது. பட்டாவை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருக்கிறாள். வீடு தீப்பிடித்தால் முதலில் எதை எடுப்பாய் என்று கேட்டால் யோசிக்காமல் டின்னைக் காட்டுவாள்.

போன தை மாதம் அந்தக் கவரை வெளியே எடுக்கும்படி ஆனது. எடுக்க வைத்தவன் அதே அர்த்தனாரியின் மகன் செல்வம்.

செல்வம் கெட்டவன் இல்லை. கோபக்காரன். மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றும்போது புரோக்கர் எடையில் கை வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டான். கேட்டான். “மலைக்காரனுக்குக் கணக்கு வேற தெரியுமா?” என்று அந்த ஆள் சிரித்திருக்கிறான். இவன் பிடித்துத் தள்ளியதில் புரோக்கர் லாரி டயரில் மோதி விழுந்து கை எலும்பு முறிந்துவிட்டது. எடையில் அடித்ததற்கு ஒரு கேஸும் இல்லை. கையை உடைத்ததற்கு மட்டும் கேஸ், ரிமாண்ட், கீழே கிளைச் சிறை.

பத்து நாளில் கோர்ட்டு ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனால் ஆள் வெளியே வரவில்லை. ஆளுக்குப் பத்தாயிரம் மதிப்பில் இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும், நிற்கிறவருக்குத் தன் பெயரில் சொத்து இருக்க வேண்டும் என்று உத்தரவு. செல்வத்தின் மனைவி சுமித்ராவின் அப்பா செங்கோட்டையன் மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரர். தன் பெயரில் இருந்த வீட்டு வரி ரசீதை எடுத்துக்கொண்டு வந்து ஒரு ஆளாக நின்றுவிட்டார். இரண்டாவது ஆளுக்கு எங்கே போவது? அர்த்தனாரி வகையறாப் பட்டாவை எடுத்துக்கொண்டு போனார். பெயரைப் பார்த்த கோர்ட்டு குமாஸ்தா, “சென்றாயன் வந்திருக்காராங்க?” என்று கேட்டார். செத்தவரை எங்கேயிருந்து கூட்டி வருவது? அர்த்தனாரி திரும்பி வந்து வீட்டுக்குள் படுத்துக்கொண்டார்.

சுமித்ராதான் பாவாயியிடம் ஓடி வந்தாள். கையில் தாலிக்கொடி.

“இதை வச்சுப் பணம் வாங்கித் தாங்க அத்தை. கோர்ட்டு வாசல்ல ராஜாமணின்னு ஒருத்தரு இருக்காருங்க. அவரு ஆள் புடிச்சுத் தர்றாராமா. ஆறாயிரம் கேக்கறாருங்க.”

“என்ன ஆளு?”

“ஜாமீன் நிக்கற ஆளு. பேப்பரெல்லாம் அவிய கையிலயே இருக்குதாமா.”

“அதக் கழுத்துல போடு மொதல்ல” என்றாள் பாவாயி. “ஆறாயிரம் குடுத்து வாங்கறதுக்கு ஜாமீன் என்ன ஆட்டுக்குட்டியா? வா, அந்த மகராசனப் பாத்துட்டு வரலாம்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கிப் போனார்கள். ராஜாமணி கோர்ட்டுக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு பை. பாவாயியைக் கண்டதும் கிராக்கி வந்துவிட்டது என்று பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்.

“ஒரு ஆளு ஆறாயிரமுங்க. சொந்தக்காரரா வேணும்னா ஏழு. சித்தப்பான்னு சொல்லி நிப்பாரு, சும்மா கிளி மாதிரி பதில் சொல்லுவாரு” என்றார். அந்தச் சித்தப்பா பக்கத்து பெஞ்சிலேயே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். அந்த மாதத்தில் மட்டும் நாலு ஜாதிக்காரர்களுக்குச் சித்தப்பாவாக நின்றவர் என்று டீக்கடைக்காரரே பிற்பாடு சொல்லிச் சிரித்தார்.

“ஏனுங்க, கேஸு முடிஞ்சா அந்த ஆறாயிரம் திரும்பி வருமுங்களா?” என்று கேட்டாள் பாவாயி.

“அது எப்படிங்க வரும்? அது கூலி.”

“கேஸே பொய்யின்னு தள்ளிட்டாலும்?”

“தள்ளினாலும் வராதுங்க. சினிமா டிக்கெட் வாங்கிட்டுப் படம் நல்லால்லைன்னா காசு தருவானா?”

“உங்க சித்தப்பன் பேப்பர் கள்ளப் பேப்பர்னு கோர்ட்டு கண்டுபுடிச்சுட்டா?”

ராஜாமணி கொஞ்சம் இருமினார். “அப்ப பையன் மறுபடி உள்ள போவான். வேற ஆளு ஏற்பாடு பண்ணிக்கலாமுங்க.”

“மறுபடி ஆறாயிரம்.”

“ஆமாங்க.”

“சரி. எம் பேர்ல தனிப் பட்டா இருக்குது. அத வச்சு நானே நின்னா?”

அப்போதுதான் ராஜாமணி அவளை நன்றாகப் பார்த்தார். மலையிலிருந்து வரும் ஒரு பொம்பளை தனிப் பட்டா என்று சொல்லி அவர் கேட்டதில்லை. மனிதர் தொழில்காரராக இருந்தாலும் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை. “நின்னீங்கன்னா இப்ப கைக்காசு எதுவும் பெருசா போகாதுங்க. ஜெராக்ஸு, போட்டோ, பஸ் சார்ஜு, அவ்வளவுதான். கேஸு முடிஞ்சா கையெழுத்தும் முடிஞ்சுது. ஆனா பையன் ஒரு வாய்தாவுக்கு வரலைன்னா உங்களுக்கு நோட்டீஸ் வரும். பத்தாயிரத்தையும் கட்டுன்னு கோர்ட்டு சொல்லலாம். கட்டலைன்னா நெலத்து மேல வருவாங்க. அதுக்குப் பயந்துதான் அம்மா எல்லாரும் எங்கிட்ட வர்றாங்க.”

பாவாயி டீயைக் குடித்து முடித்தாள். ஒரு பக்கம் போனால் வராத ஆறாயிரம். இன்னொரு பக்கம், செல்வம் ஒழுங்காக இருந்தால் ஒன்றும் போகாது, காலை வாரினால் எட்டு வருஷம் அலைந்து வாங்கிய மண். எந்தச் செல்வம்? ‘பொம்பளைக்கு எதுக்குத் தனிப் பட்டா’ என்றவர் பெற்ற செல்வம். பக்கத்தில் சுமித்ரா தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். ஒரு காலத்தில் தான் இதே மாதிரி ஆபீஸ் ஆபீஸாக நின்றது ஞாபகம் வந்தது. அப்போது தனக்காகக் கையெழுத்துப் போட ஒரு நாதி இல்லை.

“உங்க சித்தப்பனுக்கு இன்னொரு பஜ்ஜி வாங்கிக் குடுங்க. நான் நிக்கறேன்” என்று எழுந்தாள்.

வி.ஏ.ஓ.விடம் சொத்து மதிப்புச் சான்று வாங்கி, பட்டா நகல், ரேஷன் கார்டு, ஆதார், இரண்டு போட்டோ என்று எல்லாம் சேர்த்துப் போய் மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்றாள். ஆள் வராவிட்டால் பத்தாயிரம் கட்டச் சம்மதம் என்று எழுதியிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கைநாட்டு இல்லை, கையெழுத்து. பட்டா மனு எழுதியே பழகிய கையெழுத்து.

அன்றைக்குச் சாயங்காலம் செல்வம் வெளியே வந்து காலில் விழுந்தான். “எந்திரிடா” என்று அதட்டினாள். “இன்னியிலிருந்து கேஸு முடியற வரைக்கும் நீ எம் ஊட்டு ஆளு. வாய்தாவுக்கு முந்தின நாள் எம் கண்ணுல படணும். மறுநாள் மொத பஸ்ல ரெண்டு பேரும் எறங்கறோம். மழ பேஞ்சா நனைஞ்சுட்டுப் போவோம், பஸ் இல்லைன்னா நடந்து எறங்குவோம். கேட்டுதா?”

“கேட்டுதுங்க பெரீம்மா.”

அப்படியே மூன்று வாய்தா போனது. கோர்ட்டு வராந்தாவில் பெயர் கூப்பிடும்போது செல்வத்துக்கு முந்தி பாவாயி எழுந்து நிற்பாள். அர்த்தனாரி மட்டும் ஒரு நாளும் வந்து ‘நல்லா இருக்கீங்களா’ என்று கேட்கவில்லை. கேட்டால் முத்து உதிர்ந்துவிடுமே!

நாலாவது வாய்தாவில்தான் வினை வந்தது. அதைக் கொண்டுவந்தவள் பாவாயியேதான்.

சித்திரையில் மாரியாயி கோயில் திருவிழாவுக்கு நோம்பி சாட்டினார்கள். செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டு. அந்த வருஷம் கரகம் எடுக்கும் முறை சென்றாயன் வகையறாவுக்கு. கரகம் எடுக்க வேண்டியவன் செல்வம். அந்த ஊரில் காப்பு என்றால் விளையாட்டு இல்லை. மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால் ஒன்பதாம் நாள் அவிழ்க்கிற வரைக்கும் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. ஒரு தடவை காப்போடு எல்லை தாண்டி மருமகளுக்குப் பிள்ளைப் பேறு பார்க்கப் போன ஒரு மாமியாரையே ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பாவாயியும் கட்டிக்கொள்வாள். வருஷம் தவறியதில்லை.

கயிற்றைக் கையில் வாங்குவதற்கு முன்னால் செல்வம் கேட்டான். “பெரீம்மா, நாளன்னிக்கு வியாழக்கெழம வாய்தாங்க.”

பாவாயி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “கட்டுடா கண்ணு. காப்புக் கட்டினவன எவன் கூப்பிடுவான்? கோர்ட்டுல இருக்கறவுங்க என்ன சாமி கும்பிடாதவுங்களா? அடுத்த வாரம் போய் நோம்பின்னு சொன்னா முடிஞ்சுது.”

அவள் சொன்னதில் அவளுக்கு ஒரு துளி சந்தேகம் இல்லை. ஓடிப்போய்விடுவான் என்றுதானே ஜாமீன் கேட்கிறார்கள்? காப்புக் கட்டினவன் எங்கே ஓடுவான்? கோர்ட்டு எழுதி வாங்கியது ஒரு தாள். இது மாரியாயி முன்னால் கட்டுகிற கயிறு. இதைவிடப் பெரிய ஜாமீன் உலகத்தில் இருக்கிறதா என்ன? செல்வத்தின் வக்கீல் ரமேஷ்குமாருக்கு ஒரு போன் போட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று யாராவது போன் போட்டுச் சொல்வார்களா?

வியாழன் போனது. வெள்ளி, சனி, ஞாயிறும் போனது. திங்கட்கிழமை மத்தியானம் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. விவேக் என்ற போலீஸ்காரர். கீழ்நாட்டுப் பிள்ளை, மலைக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கையில் இரண்டு தாள். ஒன்று செல்வத்தைப் பிடித்து வரச் சொல்லி வாரண்ட். இன்னொன்று பாவாயிக்கு; செங்கோட்டையனுக்கு உரியதை அடிவாரத்திலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார். சுமித்ரா வாங்கிப் படித்தாள். மேற்படி நபர் வாய்தாவுக்கு ஆஜராகாமல் தலைமறைவாகிவிட்டபடியால், ஜாமீன்தாரராகிய நீங்கள் பத்தாயிரம் ரூபாயை ஏன் கட்டக் கூடாது என்று காரணம் சொல்ல வேண்டியது.

தலைமறைவு! பத்தாயிரத்தைவிட அந்த வார்த்தைதான் பாவாயிக்குச் சுருக்கென்றது.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. அர்த்தனாரி முன்னால் வந்தார். இத்தனை மாதம் திறக்காத வாய் அன்றைக்குத் திறந்தது. “கெட்டுதா குடி! பொம்பள பேச்சக் கேட்டா இப்பிடித்தான். போகாதேன்னு சொன்னது இந்த மகராசிதானே!”

“ஆமா, நாந்தான் சொன்னேன்” என்றாள் பாவாயி. “தப்புன்னா என்னுது. நோட்டீஸும் எனக்குத்தான் வந்திருக்குது, உனக்கு வரலையே! நீ அப்பிடி ஓரமா நில்லு.”

எல்லைக் கல்லின் மேல் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு விவேக்கிடம் பேசினாள்.

“சாமி, வாரண்டுல என்ன எழுதியிருக்குது? தலைமறைவுன்னு. அதோ பாருங்க, நடு ஊருல தலைமேல கரகம் வச்சுட்டு நிக்கறான். அவன் தலை எங்க மறைஞ்சிருக்குது? நாலு ஊரு சனம் பாக்குதே!”

விவேக்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். “எனக்குப் புரியுதுங்கம்மா. ஆனா வாரண்ட் இருக்கு. நான் வெறுங்கையோட போக முடியாது.”

“கரகத்த எறக்கிட்டு இழுத்துட்டுப் போனீங்கன்னா ஊரு சும்மா இருக்காது. அது உங்களுக்கும் வேண்டாம், எங்களுக்கும் வேண்டாம். நாளைக்கழிச்சுப் புதன்கிழமை காப்பு அவுக்கறோம். வியாழக்கெழம காலைல கோர்ட்டு தொறக்கறப்ப நானே கூட்டிட்டு வந்து நிக்கறேன்.”

“நீங்க வரலைன்னா?”

“எம் மண்ணே உங்க கோர்ட்டுல மாட்டிட்டு நிக்குது. நான் எங்க போவேன் சாமி?”

விவேக் தள்ளிப் போய் மேலதிகாரிக்கு நெடுநேரம் போனில் பேசினார். திரும்பி வந்து, நோட்டீஸில் அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். “வியாழக்கிழமை பத்து மணி. வரலைன்னா என் வேலைக்கு வேட்டு வச்சுட்டீங்கன்னு அர்த்தம்” என்றார். யாரோ நீட்டிய கூழை நின்றபடியே குடித்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

சொன்னபடி வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் பாவாயியும் செல்வமும் சுமித்ராவும் இறங்கினார்கள். கடைசி நிமிஷத்தில் அர்த்தனாரியும் ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு வளைவிலும் பாவாயி மடியிலிருந்த பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பட்டா அதற்குள் இருந்தது. போனால் இது போகும். வாய்க்கு வந்ததைச் சொல்லி ஒரு கயிற்றை நம்பினோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. கூடவே கோர்ட்டு மேலும் வந்தது. ஆள் இருக்கிறானா இல்லையா என்று ஒரு வார்த்தை விசாரிக்காமலா தலைமறைவு என்று எழுதுவார்கள்?

கோர்ட்டு வாசலில் வக்கீல் ரமேஷ்குமார் பரபரப்பாக நின்றார். பக்கத்தில் ராஜாமணி. அவர் கையில் ஏற்கெனவே ஒரு தாள் தயார்.

“டைபாய்டு. ஒரு வாரம் படுக்கையில இருந்தாருன்னு டாக்டர் சர்டிபிகேட். ரெண்டாயிரம்தான். இதைக் குடுத்தா பத்தாயிரம் தப்பிச்சுருமுங்க” என்றார் ராஜாமணி.

“ஏனுங்க, நாலு ஊரு பாக்கக் கரகம் எடுத்தவனுக்கு டைபாய்டா? மாரியாயி என்ன நெனைப்பா?” என்றாள் பாவாயி. வக்கீலிடம் திரும்பினாள். “மனுவுல நெசத்த எழுதுங்க.”

“காப்புக் கட்டினோம்னு எழுதினா கோர்ட்ல சிரிப்பாங்கம்மா.”

“சிரிக்கட்டும். கள்ளச் சித்தப்பன் வேண்டாம்னுதான நான் வந்தேன்? இப்பக் கள்ளக் காய்ச்சல் மட்டும் இனிக்குமா? எழுதுங்க.”

அர்த்தனாரி குறுக்கே வந்து, “அண்ணி, ரெண்டாயிரத்த நான் தர்றேன், வம்பு வேண்டாம்” என்றார். பாவாயி அவர் பக்கம் திரும்பவே இல்லை. ரமேஷ்குமார் பெருமூச்சு விட்டு எழுதினார்.

மாஜிஸ்ட்ரேட் ஒரு அம்மா. நாற்பது வயதுக்குள் இருக்கும். மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கவில்லை.

“இதுதான் காரணமா? பண்டிகைக்குக் கோர்ட் காத்திருக்குமா?”

வக்கீல் வாயைத் திறப்பதற்குள் பாவாயி முன்னால் வந்துவிட்டாள். “அம்மா, போகாதேன்னு சொன்னது நானுங்க. பையன் கேட்டான், நான்தான் கட்டச் சொன்னேன். காப்புக் கட்டினவன் எல்லையத் தாண்டமாட்டானுங்க. ஓடிருவான்னு பயந்துதான உங்களுக்கு ஜாமீன்? அந்த ஒம்பது நாளுல இந்தப் பூமியிலயே ஓட முடியாத ஆளு ஒருத்தன் இருந்தான்னா அது இவந்தானுங்க. அவனப் போய்த் தலைமறைவுன்னு எழுதிட்டீங்க.”

வராந்தாவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்ததும் சத்தம் நின்றது.

“உங்கள் காப்பை நான் குறை சொல்லவில்லை” என்றார் அவர். “ஆனால் அது உங்கள் ஊருக்குத் தெரியும், இந்தக் கோர்ட்டுக்கு எப்படித் தெரியும்? இன்ன காரணத்தால் இந்தத் தேதிக்கு வர இயலவில்லை என்று முன்கூட்டியே வக்கீல் மூலம் ஒரு பக்க மனு கொடுத்திருந்தால் போதும். அனுமதி கேட்டுப் பார்த்திருக்கலாம். பெரும்பாலும் கிடைத்திருக்கும். வாரண்ட் வந்திருக்காது.”

ஒரு பக்கம்! பாவாயிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. எட்டு வருஷம் மனு எழுதியவள், இந்த ஒரு மனுவை எழுதாமல் விட்டாளே! வெட்கத்தில் காது சூடானது. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

“அப்பிடி ஒண்ணு இருக்குதுன்னு எங்களுக்கு யாருங்கம்மா சொன்னா? கையெழுத்து வாங்கறப்ப பத்தாயிரம் போயிரும்னு சொன்னாங்க. இத ஒருத்தரும் சொல்லலீங்களே.”

மாஜிஸ்ட்ரேட் ரமேஷ்குமாரைப் பார்த்தார். ரமேஷ்குமார் கேஸ் கட்டைப் புரட்டி எதையோ தேடினார்.

உத்தரவு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. ஜாமீன்தாரரே ஆளைக் கொண்டுவந்து நிறுத்தியதால் வாரண்ட் ரத்து. ஆனாலும் நிபந்தனையை மீறியது மீறியதுதான். போகாதே என்று சொன்னவர் பாவாயி என்பதால் பத்தாயிரத்தில் ஆயிரம் மட்டும் அவர் கட்ட வேண்டும், செங்கோட்டையனுக்குத் தண்டம் இல்லை.

“கட்டறேனுங்க. தப்பு என்னுது, தண்டமும் என்னுது” என்றாள் பாவாயி. “ஆனா அந்தத் தலைமறைவுங்கற வார்த்தைய எடுத்துருங்கம்மா. ஆயிரம் போனா ரெண்டு செடி மிளகு. அந்தப் பேரு போகாது.”

மாஜிஸ்ட்ரேட் உத்தரவுத் தாளை மறுபடி இழுத்தார். பிறகு, எதிரியான செல்வம் ஊரிலேயே இருந்தார் என்றும் ஜாமீன்தாரரோடு தானாக வந்து ஆஜரானார் என்றும் குறிக்கச் சொன்னார். பேனாவை வைக்கும் முன் கேட்டார். “ஜாமீன்தாரர் விருப்பமில்லை என்றால் விலகிக்கொள்ளலாம். மனு கொடுத்தால் உங்களை விடுவித்து, அவரை வேறு ஆள் கொண்டுவரச் சொல்வேன். விலகுகிறீர்களா?”

பின்னால் அர்த்தனாரி நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேறு ஆள் என்றால் அவருக்குத் தெரியும்: ராஜாமணி, சித்தப்பன், ஆறாயிரம், கள்ளப் பேப்பர், மறுபடி சிறை. பாவாயி திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவசரப்படவே இல்லை. எட்டு வருஷம் அவர் அவளைக் காக்க வைத்தார். அவள் அவரை எட்டு நொடி காக்க வைத்தாள்.

“நிக்கறேனுங்க” என்றாள்.

ஆயிரத்தைக் கட்டி ரசீது வாங்கிப் பட்டா இருந்த கவரிலேயே வைத்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அர்த்தனாரி இடுப்புப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். “வாங்கிக்கங்க அண்ணி. பஸ் செலவு, அலைஞ்ச கூலி எல்லாம் சேத்துச் சொல்லுங்க, குடுத்தர்றேன்.”

“கூலி வாங்கறவன் டீக்கடையில இருக்கான், அங்க போய்க் குடு” என்றாள் பாவாயி. “எஞ் செலவு வேற. நீ பத்தொம்பது வருசத்துக்கு முந்தி போடாத கையெழுத்து ஒண்ணு இருக்குதில்ல, அதப் போடு.”

“உங்களுக்குத்தான் பட்டா வந்துருச்சே?”

“எனக்கில்ல. சுமித்ராவுக்கு. உம் பங்குல பாதிய அவ பேருக்குப் பிரிச்சுப் பட்டா போட மனு எழுது. கேஸு முடியறதுக்குள்ள நான் செத்துப்போனா, இவனுக்கு ஜாமீன் நிக்க உங்கப்பன் சென்றாயனா எந்திரிச்சு வருவாரு?”

அர்த்தனாரிக்கு முகம் சுண்டிப்போனது. “குடும்பத்துப் பட்டா அது. ஒடைக்கக் கூடாதுங்க அண்ணி. எங்கப்பன் கட்டிக்காத்தது.”

பாவாயி குரலை உயர்த்தவில்லை. கோர்ட்டு வாசலில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது.

“ஒடைஞ்ச பட்டாதாண்டா இன்னிக்கு உம் பையன வெளிய நிறுத்தியிருக்குது. ஒடையாத பட்டாவ எடுத்துட்டுத்தான வந்த? குமாஸ்தா என்ன கேட்டாரு, மறந்துட்டியா?”

தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற செல்வம் நிமிர்ந்தான். “பெரீம்மா சொல்றது சரிதானுங்கப்பா” என்றான். அப்பாவை எதிர்த்து அவன் பேசிய முதல் வார்த்தை அது.

அர்த்தனாரி நோட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். எழுபது வளைவும் ஏறி முடிக்கிற வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பாவாயியும் விட்டுவிட்டாள். பதில் வராத மனு அவளுக்குப் புதுசு இல்லை.

அடுத்த திங்கட்கிழமை, சுமித்ரா வரச் சொல்லி, மலைமேல் செம்மேட்டில் தாலுகா ஆபீஸ் திறக்கும் நேரத்துக்கு அவள் போனபோது, வாசல் படியில் அர்த்தனாரி குளித்துத் திருநீறு பூசி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சுமித்ரா மனுவை மடித்துக் கையில் வைத்திருந்தாள். அடுத்த வாய்தாத் தேதியை மனுவின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்திருந்தாள்.

“எங்கீங்க போடோணும்?” என்று கேட்டார் அர்த்தனாரி.

பாவாயி பேனாவின் மூடியைக் கழற்றி அவரிடம் நீட்டினாள். “கடைசியில. பேரு நல்லாத் தெரியற மாதிரி போடு.”